போர்க்காலத் தலைவர்களை மலையகத்திலிருந்து எப்படி அளப்பது?

பூண்டுலோயாக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

புலிகளின் தலைவர் பிரபாகரனைப் பற்றியும் ஜனாதிபதியாக இருந்த ஜே.ஆர். ஜயவர்த்தனவைப் பற்றியும் இங்கே நடக்கும் விவாதங்களை இரண்டு வாரமாக வாசித்து வருகிறேன். எந்தச் சமரில் யார் வென்றார், எந்த மேசையில் யார் யாரை ஏமாற்றினார் என்பதையே எல்லோரும் எழுதுகிறீர்கள். நான் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. இரு தரப்புத் தலைவர்களும் தோட்டத்துச் சனத்தை எந்த இடத்தில் வைத்தார்கள்? போர் எங்கள் மலைகளில் நடக்கவில்லை. ஆனால் வடக்கில் குண்டு வெடித்த ஒவ்வொரு முறையும் எங்கள் லயங்களில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

என் அம்மாயியிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அவர் காலமான பிறகு அதைத் திறந்து பார்த்தோம். பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், சங்கத்துச் சந்தாத் துண்டுகள், எல்லாவற்றுக்கும் அடியில் பொலித்தீனில் நான்காக மடித்த ஒரு சத்தியக் கடதாசி. சமாதான நீதவான் முன்னிலையில் கொடுத்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. கையெழுத்துக்குரிய இடத்தில் ஊதா மையில் பெருவிரல் அடையாளம். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கைரேகை தேய்ந்திருந்ததால் அடையாளம் ஒரு வெறும் புள்ளியாகத்தான் விழுந்திருக்கிறது. அம்மாயி பூண்டுலோயாவில் பிறந்தவர், அவருடைய தாயும் அங்கேதான் பிறந்தார். இந்த நாட்டுக்காரி என்று சொல்ல அவருக்கு, நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 1988ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

அந்தச் சட்டத்துக்காக உழைத்தவர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் தொண்டமான். 1983 ஜூலையில் தமிழர் கடைகள் எரிந்தபோது ஆட்சியிலிருந்த அமைச்சரவையில் இருந்தவரும் அதே தொண்டமான்தான். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல மனமில்லாதவர்கள் அவரைப் பற்றி எழுதவே கூடாது என்பது என் கருத்து.

---

பசறை வாத்தியார்

நல்ல கேள்வி தம்பி. ஆனால் 1983இல் தொடங்கினால் கதை விளங்காது, 1947க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டுத் தேர்தலில் தொண்டமானின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் வென்றவர் தொண்டமான். மறு ஆண்டே நம்மை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. அதன் பிறகு நம் மக்களின் வாக்கில் ஒரு மலையகத் தமிழர் நாடாளுமன்றம் போக 1977 வரை காத்திருந்தோம். இடையில் 1960இலும் 1965இலும் தொண்டமான் நியமன உறுப்பினராக இருந்தார். நியமனம் வேறு, வாக்கு வேறு. 1964 ஒக்டோபரில் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சிறிமாவும் இந்திராவும் ஆளுக்குப் பாதியாக்கிக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்தில் அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னாருக்குக் கோச்சி ஏற்றிவிட நானும் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறேன். கோச்சி நகர்ந்ததும் மேடையில் நின்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1976க்கு வாருங்கள். 1972இல் உருவான தமிழர் ஐக்கிய முன்னணியில் வடக்குத் தலைவர்களான தந்தை செல்வா என்னும் செல்வநாயகத்தோடும் ஜீ.ஜீ. பொன்னம்பலத்தோடும் தொண்டமானும் இருந்தார். 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் வந்தபோது, இலங்கைத் தொழிலாளர் காங்கிரசுக்கு அதில் தயக்கம் இருப்பதை அந்தத் தீர்மானமே குறித்துக்கொண்டது. தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் வடக்கு கிழக்குக்கு வெளியே வாழ்கிறார்கள் என்ற காரணமும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வரியில்தான் நம் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. வடக்குத் தலைவர் அமிர்தலிங்கம் தனிநாடு கேட்கலாம், அவருக்குக் காலடியில் நிலம் இருந்தது. நம்மைச் சுற்றி நாலு பக்கமும் சிங்களக் கிராமம். தலவாக்கலையில் இருந்துகொண்டு பிரிந்து எங்கே போவது? 1978இல் தொண்டமான் அமைச்சரவையில் சேர்ந்ததை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

---

பதுளை இளங்கோ

ஐயா, மன்னிக்கவேண்டும். நிலம் இல்லாதவனுக்கு வேறு வழியில்லை என்று சொல்லிச் சொல்லியே நம்மை முழந்தாளிட வைத்துவிட்டார்கள்.

1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தது. என் பெரியப்பாவின் புடைவைக் கடை சாம்பலானது. மூன்று நாள் தேயிலைச் செடிகளுக்கு அடியில் படுத்திருந்தார்கள். குழந்தை அழக்கூடாது என்று பெரியம்மா அதன் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே இருந்திருக்கிறார். அப்போது நம் தலைவர் அமைச்சர். ஜே.ஆர். தொலைக்காட்சியில் தோன்றியபோது கொல்லப்பட்டவர்களுக்காக ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. அந்த மனிதரின் அமைச்சரவையை விட்டு நம் தலைவர் வெளியேறவுமில்லை. பதவியைத் தூக்கியெறிந்திருந்தால் உலகம் ஒரு நாளாவது நம்மைத் திரும்பிப் பார்த்திருக்கும் அல்லவா?

சிவனு லெட்சுமணனையும் மறந்துவிடாதீர்கள். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிப்புக்கு எதிராக நின்றபோது பொலிஸ் சுட்டு இறந்தவன். அந்தப் பிள்ளையைச் சுட்டபோது நம் கையில் ஆயுதமும் இல்லை, தனிநாட்டுக் கோரிக்கையும் இல்லை.

---

வடமராட்சி வாசகன்

நான் மலையகத்தவன் அல்லன். அட்டனில் ஆறு ஆண்டுகள் படிப்பித்த உரிமையில் எழுதுகிறேன்.

வடக்குத் தலைவர்கள் உங்களை நினைக்கவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். 1985இல் பூட்டானின் திம்புவில் நடந்த பேச்சுவார்த்தையில் ஜே.ஆரின் தம்பி ஹெக்டர் ஜயவர்த்தன தலைமையில் வந்த அரச குழுவின் முன்னால் தமிழ்த் தரப்பு நான்கு கோட்பாடுகளை வைத்தது. தேசிய இனம், தாயகம், சுயநிர்ணயம் ஆகியவை முதல் மூன்று. இந்தத் தீவைத் தாய்நாடாகக் கொண்ட எல்லாத் தமிழரின் குடியுரிமையும் அடிப்படை உரிமைகளும் நான்காவது. அது உங்களுக்காகவே எழுதப்பட்டது. ஆயுத இயக்கங்களான புலிகள், ஈரோஸ், டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப்., புளொட், அவற்றோடு அமிர்தலிங்கத்தின் தமிழர் விடுதலைக் கூட்டணி எல்லோரும் ஒன்றாக நின்று வைத்தார்கள். இரத்தினசபாபதி லண்டனில் தொடங்கிய ஈரோஸ், தோட்டத் தொழிலாளரை விட்டுவிட்டு ஈழம் இல்லை என்றே சொன்ன இயக்கம்.

காந்தீயம் என்ற தொண்டு அமைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழருக்கு எதிரான 1977 வன்செயலில் ஓடிவந்த மலையக மக்களை வவுனியாவில் குடியேற்றியது அது. அதைக் கட்டி வளர்த்த டாக்டர் ராஜசுந்தரம் 1983 ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் அடித்துக் கொல்லப்பட்டார்.

---

முல்லைக்கொடி

வடமராட்சி அண்ணா, டாக்டர் ராஜசுந்தரத்தின் பெயரை எழுதியதற்கு நன்றி. எங்கள் வீட்டில் அவரைச் சாமி என்பார்கள். ஆனால் நான்காவது கோட்பாடு கடதாசியில் நின்றது. நான் கடதாசிக்கு வெளியே பிறந்தவள்.

1977 ஓகஸ்டில் அட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் இரண்டு சாக்கோடு வன்னிக்குப் போனார்கள். நான் கிளிநொச்சியில் பிறந்தேன். காடு வெட்டியவர்கள் நாங்கள். வாய்க்கால் ஓரத்தில் குடிசை போட்டு, அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றோம். காணிக்கு அனுமதிப்பத்திரம் கேட்டுக் கேட்டே அப்பா செத்துப்போனார். பாடசாலையில் எனக்குப் பெயர் இருந்தும் 'தோட்டக்காட்டாள்' என்றே கூப்பிட்டார்கள். எல்லோரும் அல்ல. பக்கத்து வீட்டு ஆச்சி தன் பேத்தியோடு என்னையும் உட்காரவைத்துத்தான் சோறு போடுவார்.

என் தம்பி 2001இல் புலிகள் இயக்கத்துக்குப் போனான். 2008இல் வீரச்சாவு என்று சொன்னார்கள். அவனுடைய படம் வந்தது. வரிச்சீருடையில், சிரித்தபடி. அம்மா அதற்குத் தினமும் செவ்வரத்தம்பூ வைப்பார். போர் முடிந்த 2009 மே மாதம் இராணுவத்தின் பக்கம் நடக்கவேண்டி வந்தபோது, பங்கருக்குள் உட்கார்ந்து அந்தப் படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினார். கழுத்துக்குக் கீழே சீருடை இருந்த பகுதியை மண்ணில் புதைத்தார். முகத்தை மட்டும் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். செட்டிகுளம் அகதி முகாமில் சோதனையின்போதெல்லாம் அவர் கை தையல் இருந்த இடத்துக்குப் போகும், நான் பிடித்துக் கீழே இறக்குவேன்.

அந்த முகம் இப்போதும் எங்களிடம் இருக்கிறது. ஒரு தீப்பெட்டி அளவுதான்.

தலைவர்களை அளப்பதென்றால் இதையும் கணக்கில் சேருங்கள். வன்னியில் இறந்த போராளிகளில் எத்தனை பேரின் தாத்தன் தேயிலை நட்டவன்? எங்களைத் தமிழ்த் தேசியத்தின் ஓரத்திலும், சாவின் முதல் வரிசையிலும் வைத்தார்கள்.

---

கண்டி கடைவீதி

அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுபக்கத் தலைவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ கண்டி மண்ணில் பிறந்தவர், டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். 1987இல் இராணுவத்தின் வடமராட்சி நடவடிக்கையை இன்னொரு தளபதியான விஜய விமலரத்னவோடு சேர்ந்து நடத்தினார். 1992 ஓகஸ்ட் 8 அன்று அராலித்துறையில் கண்ணிவெடியில் இருவரும் ஒன்றாக இறந்தார்கள். அந்த வாரம் கண்டியில் வெள்ளைக் கொடி கட்டாத கடையைக் காண முடியவில்லை. எங்கள் கடையிலும் அப்பா கட்டினார். பயத்தினாலா, மரியாதையினாலா என்று பிறகொரு நாள் கேட்டேன். "அவர் தாயும் பத்து மாதம் சுமந்தவள்தானே" என்றார். வடமராட்சியில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் ஷெல் சத்தத்தை நினைவூட்டும் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் சிங்களச் சனம் அழுத அழுகையும் பொய்யில்லை.

பிறகு 1998 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. தலதா மாளிகையில் புலிகளின் லொறிக் குண்டு. சுதந்திரத்தின் 50ஆம் ஆண்டு விழா கண்டியில் நடக்க இன்னும் பத்து நாள் இருந்தது. சத்தம் அடங்குவதற்குள் அப்பா திருப்புளியை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு ஓடினார். தமிழில் பெயர் எழுதிய பலகையைக் கழற்றவேண்டும், கைகள் நடுங்குகின்றன, ஆணி திரும்பவில்லை. பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளி ஒரு வார்த்தை பேசாமல் ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, தானே ஏறிக் கழற்றிக் கொடுத்தார். அதை அரிசி மூட்டைகளுக்கு அடியில் எழுத்து தெரியாதபடி கவிழ்த்துப் போட்டோம். நான்கு மாதம் கழித்து அவரே ஏணியோடு வந்து மாட்டிவிட்டார்.

இங்கே கடை வைத்து, தோட்டத்தில் வேலை செய்து வாழும் தமிழனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்று அந்தக் குண்டை அனுப்பியவர் ஒரு நிமிடம் யோசித்தாரா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

---

சாமிமலை செல்வி

ஒரு திருத்தம். பொன்னம்பலம் 1948 குடியுரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார் என்று பழைய இழையொன்றில் பலர் எழுதியிருந்தார்கள். அது தவறு. அந்தச் சட்டத்தை அவர் எதிர்த்தே வாக்களித்தார். அதன் பிறகு பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். நம்மவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க நிபந்தனை வைத்து அடுத்து வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் அவரை விட்டுப் பிரிந்து 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதில் நம் பிரச்சினைக்கும் பங்கு உண்டு. பழி சொல்வதென்றாலும் சரியான சட்டத்தின் பெயரால் சொல்லவேண்டும்.

---

பூண்டுலோயாக்காரன்

செல்வி, நன்றி. நானும் அதைத் தவறாகவே நம்பியிருந்தேன்.

கொழும்புத் தரப்புத் தலைவர்களைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை, அவர்களில் மூவர் எங்கள் மலைகளோடு பிணைந்தவர்கள். ஜே.ஆரின் அமைச்சர் காமினி திசாநாயக்க கொத்மலையில் பிறந்தவர். லங்கா ஜாதிக தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர், அதாவது நம் தொழிலாளரின் சந்தாவில் வளர்ந்த சங்கம். 1977இல் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள். காமினி, அநுர பண்டாரநாயக்க, தொண்டமான் மூவரும் ஒரே தொகுதியிலிருந்து ஒரே சபைக்குப் போனார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்களில் காமினி யாழ்ப்பாணத்தில் இருந்தார். 1994 ஒக்டோபரில் ஜனாதிபதி வேட்பாளராக நின்றபோது தொட்டலங்கவில் தற்கொலைக் குண்டுக்குப் பலியானார். அன்றிரவு எங்கள் தோட்டத்தில் அவருக்காக அழுதவர்களும் உண்டு, பயந்து கதவைத் தாழிட்டவர்களும் உண்டு. இரண்டும் ஒரே வீட்டில் நடந்ததையும் பார்த்தேன்.

ரஞ்சன் விஜேரத்ன அரசியலுக்கு வருமுன் தோட்டத் துரை, அதாவது நிர்வாகி. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணிய மனிதர் பின்னாளில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சராகப் போரை நடத்தினார். 1991 மார்ச் 2 அன்று கொழும்பில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார்.

மூன்றாமவர் அரசாங்கத்துக்கே எதிரி, ஜே.வி.பி. என்ற கிளர்ச்சி இயக்கத்தின் தலைவர் ரோகண விஜேவீர. இயக்கத்து இளைஞர்களுக்கு நடத்திய அவருடைய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். அதில் தோட்டத் தொழிலாளரை இந்தியாவின் கையாட்களாகக் காட்டினார்கள். அந்தப் பாடத்தைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் எங்கள் சுற்றுக் கிராமங்களிலும் இருந்தார்கள். 1989 நவம்பரில் அந்த விஜேவீர பிடிபட்டது எங்கே? கம்பளைக்குப் பக்கத்தில் உலப்பனையில், அத்தநாயக்க என்ற பெயரில், தோட்டத்து வீடொன்றில். யாரைச் சந்தேகிக்கச் சொல்லிக் கொடுத்தாரோ அந்தத் தேயிலைக்கு நடுவில்தான் அவர் ஒளிந்திருந்தார். மறுநாள் உயிரோடு இல்லை. அந்தச் சாவை நாட்டுக்கு அறிவித்தவர் ரஞ்சன் விஜேரத்ன.

இவர்கள் எல்லோருக்கும் நாங்கள் சந்தா, வாக்கு, சந்தேகம் என்று ஏதோ ஒன்றாக இருந்தோம். தொண்டமானுக்கும் நாங்கள் எண்ணிக்கையாகவே இருந்தோம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையை அவர் எங்களுக்காகச் செலவழித்தார். 1986 ஜனவரியில் வேலைநிறுத்தம் என்று பெயர் சொல்லாமல் பிரார்த்தனை என்று சொல்லித் தோட்டங்களை நிறுத்தினார். 94,000 நாடற்றவர்களுக்கு வழி திறந்தது. 1988இல் மிச்சப் பேருக்கும். அந்த டிசெம்பரில் பிரேமதாச 50.43 விழுக்காட்டில் ஜனாதிபதியானபோது, பாதியைத் தாண்டிய அந்தக் கொஞ்ச வாக்கு எங்கே இருந்து வந்தது என்று கொழும்புக்குத் தெரியும்.

---

பதுளை இளங்கோ

அண்ணா, எண்ணிக்கையைச் செலவழித்தார் என்பதை ஏற்கிறேன். அம்மாயியின் சத்தியக் கடதாசியை யாராலும் மறுக்க முடியாது. ஆனால் கடதாசி உயிரைக் காத்ததா?

1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் யாழ்ப்பாணத்தவனையும் தோட்டத்தவனையும் பிரித்துப் பார்க்கவில்லை. கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்த என் மைத்துனனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊர் பசறை என்று எத்தனை முறை சொல்லியும் பதினான்கு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். மலையக மக்கள் முன்னணித் தலைவர் சந்திரசேகரனையே 1991இல் கொழும்புக் குண்டுவெடிப்பு விவகாரத்தில் கைது செய்தார்கள். அதே சந்திரசேகரன் 1994இல் வென்றுவந்து, சந்திரிகா அரசாங்கம் பெரும்பான்மைக்கு வேண்டிய 113ஐத் தொட அவருடைய ஒற்றை ஆசனம் தேவைப்பட்டது. மறியலில் வைத்த மனிதரின் கையிலேயே ஆட்சி வந்து நின்றது. தொண்டமான் பாணி ஒன்று மட்டும்தான் வழி என்று சொல்பவர்கள் இதையும் பார்க்கவேண்டும்.

2000 ஒக்டோபர் 25, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ. புனர்வாழ்வு முகாமில் அரசின் காவலில் இருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை வெட்டியும் எரித்தும் கொன்றார்கள். பொலிஸ் அங்கே நின்றது. 2005இல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. அப்போது நாங்கள் குடியுரிமை பெற்றவர்கள், வாக்காளர்கள், அமைச்சரும் நமக்கு இருந்தார்.

---

பசறை வாத்தியார்

இளங்கோ, பிந்துனுவெவவுக்கு என்னிடம் விடை இல்லை. அந்த வாரம் பாடசாலைக்கு வந்த பிள்ளைகளை எண்ணினேன். நாற்பத்தொரு பேர் வகுப்பில் ஆறு பேர்.

ஆனால் ஒன்றை வைத்துவிட்டுப் போகிறேன். பதவி விலகியிருக்கவேண்டும் என்கிறாய். 1983இல் அவர் விலகியிருந்தால், 1986 பிரார்த்தனையை யார் வைத்துக் கேட்டிருப்பார்கள்? நான் அன்று இருபத்தாறு வயதுக்காரன், உன்னைப் போலவே அவரைத் திட்டியவன். அட்டனில் ஒரு கூட்டத்தில் முகத்துக்கு நேரேயே திட்டினேன். 1989இல் என் தாய் முதன்முறையாக வாக்குச் சாவடிக்குப் போகப் புதுச் சேலை உடுத்தி, காலை நான்கு மணிக்கே வாசலில் வந்து நின்றார். அதைப் பார்த்த பிறகு எனக்குத் திட்ட வாய் வரவில்லை. இது வாதம் இல்லை என்று நீ சொல்லலாம். ஆமாம், இல்லை.

---

வடமராட்சி வாசகன்

முல்லைக்கொடி, உங்களுக்கு நான் எழுதிய பதிலை மூன்று முறை அழித்துவிட்டேன். பாடசாலையில் உங்களை அப்படிக் கூப்பிட்டவர்கள் என் சனம்தான். திம்புவில் நான்காவது கோட்பாட்டை எழுதியவர்களின் ஊரிலேயே அந்தச் சொல்லும் புழங்கியது. அதைத் தலைவர்கள் கண்டித்துப் பேசி நான் கேட்டதில்லை. கேட்டிருக்கவேண்டும்.

---

முல்லைக்கொடி

அண்ணா, எழுதியதே போதும்.

வாத்தியார் ஐயா, இளங்கோ, நீங்கள் இருவரும் சொல்வது எங்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கும் சண்டை. 1977இல் வன்னிக்குப் போகாமல் தோட்டத்திலேயே நின்றவர் என் சித்தி. தொண்டமான் படம் இன்றும் அவர் வீட்டுச் சாமித்தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போனவர் அம்மா. இப்போது இருவரும் பொகவந்தலாவையில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். நின்றதால் ஒரு மகனும் சாகவில்லை என்று சித்தி ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அம்மா அதைக் காதில் கேட்டதுபோலவே நடந்துகொள்வார்.

தம்பியின் முகத்தைச் சித்திதான் சாமித்தட்டில் வைத்தார், தொண்டமான் படத்துக்கு இந்தப் பக்கம். அம்மா எடுத்துப் பெட்டிக்குள் வைப்பார். மறுநாள் சித்தி திரும்ப எடுத்து வைப்பார்.

---

பூண்டுலோயாக்காரன்

சகோதரி, அவர்கள் இருவரும் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, எழுத்திலும் வைக்க அனுமதி தருவீர்களா? பெயர், தோட்டத்தின் பெயர் எதுவும் வராது. அம்மாயியிடம் கேட்காமல் விட்டுவிட்டேன், அந்தக் குறை எனக்குத் தீரவில்லை.

---

முல்லைக்கொடி

அம்மாவிடம் கேட்டேன். தைப்பொங்கலுக்கு முன்னால் வரச் சொல்கிறார், அதற்குப் பிறகு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை இருக்கிறது. நாலரை மணிக்குப் பிறகு வாருங்கள். சித்தி மாலைக் கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து இறங்க அந்த நேரம் ஆகும். சித்தி இல்லாமல் அம்மா பேசமாட்டார்.